யெஸ்டிக்கு வீட்டில் செய்த சாமான்கள்: எது நின்றது, எது காலை வாரியது?

#1 காட்பாடி_யெஸ்டி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நைனாவின் யெஸ்டி ரோட்கிங் பைக் ஒன்று இருக்கிறது, 1988-ல் வாங்கியது. ஆறு வருஷமாக ஷெட்டில் சும்மா நின்றது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சீட்டைத் துடைப்பார். போன மாசம் கிக் அடித்துப் பார்த்தேன், எட்டாவது உதையில் கிளம்பிவிட்டது. உள்ளே என்னென்ன போயிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிய ஆரம்பித்தது.

கிளட்ச் கவர் ஓரமாகக் கியர் ஆயில் சொட்டுகிறது. பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் கட்டைகளைக் கையில் எடுத்தால் பழைய வெல்லம் மாதிரி உதிர்கின்றன. கிளட்ச் கேபிளில் லீவர் பக்கம் நாலு இழை அறுந்து நிற்கிறது. டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக் கசிகிறது. பக்கவாட்டு டப்பாவின் திருகு குமிழ் ஒன்று இல்லவே இல்லை.

லாங் பஜார் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன். "மைசூர் ஃபேக்டரி 1996-லயே நின்னு போச்சுப்பா" என்று ஒருவர் சொன்னார். 2022-ல் அதே பெயரில் வந்திருக்கும் புது வண்டி நாலு ஸ்ட்ரோக், அதன் சாமான் நமக்கு உதவாது. கடைசியாக ஒரு கடையில் பிளாஸ்டிக் கவர் போட்ட பேக்கிங் செட் (என்ஜின் மூடிகளுக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் அட்டைகள்) கிடைத்தது. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் இரண்டு துளை கவரோடு சேரவில்லை.

கோபத்தில் நானே செய்துவிட்டேன். சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகை, நல்ல தடி அட்டை. கத்தரியால் வெட்டி, கிரீஸ் தடவிப் போட்டேன். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் கழற்றிப் பார்த்தால் அட்டை தோசை மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மணமகன் பெயர் மட்டும் அழியவில்லை.

செலவைக் குறைத்து வீட்டிலேயே எதெல்லாம் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

#2 சிப்காட்_டர்னர்

தம்பி, ராணிப்பேட்டையில் 31 வருஷம் லேத்தில் நின்றவன் நான். பத்திரிகை அட்டையில் தப்பில்லை, அதன் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சுதான் தப்பு. மேலே ஆயில் ஊறாது, ஓரம் வழியாக நடுவில் இறங்கும். அதனால்தான் இரண்டாகப் பிரிந்தது. பேக்கிங் ஷீட் என்றே கேட்டு வாங்கு, ஒரு சாண் அகலம் போதும்.

கத்தரியை முதலில் எடுக்காதே. கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டு. உளி வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வாய்க்கால். பழைய பிளாஸ்டிக் அடிஸ்கேலை உடைத்துச் சுரண்டினால் போதும். விளிம்பில் விரலால் எண்ணெய் தடவி, ஷீட்டின் மேல் வைத்து அழுத்தினால் அச்சு விழும்.

இப்போது துளைகள். பழைய பேரிங் ஒன்றை உடைத்துக் குண்டுகளை எடுத்துக்கொள். ஷீட்டைக் கவர் மேல் வைத்து, போல்ட் துளைக்கு நேராகத் துளையைவிடச் சற்றுப் பெரிய குண்டை வை. சுத்தியால் ஒரே தட்டு. வட்டமாகத் துண்டு விழும், கம்பெனி துளை தோற்றுப் போகும். முதல் துளை விழுந்தவுடன் அதில் போல்ட்டைச் சொருகு. அதற்கு எதிர் மூலையில் இரண்டாவது, அதிலும் போல்ட். இப்போது ஷீட் நகராது, மற்றதை நிதானமாக அடிக்கலாம். கடைசியில்தான் ஓரம். ஓரத்தைச் சுத்தியால் ஓங்கி அடிக்காதே, அலுமினிய விளிம்பு மழுங்கிவிடும். லேசாகத் தட்டி அடையாளம் எடு, பிளேடால் வெட்டு.

தடிமன் முக்கியம். கவருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஓடும். சிலிண்டருக்கு அடியில் போடும் பேக்கிங்கில் அப்படிச் செய்யாதே. அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லி போட்டால் சிலிண்டர் அரை மில்லி மேலே ஏறும். இது டூ ஸ்ட்ரோக், பிஸ்டன்தான் கதவு. சிலிண்டர் ஏறினால் அதன் சுவரில் உள்ள போர்ட் (காற்றும் புகையும் போகிற துளை) திறக்கிற நேரம் மாறும், கம்ப்ரஷன் குறையும். பழைய பேக்கிங்கில் நசுங்காத மூலை ஒன்று இருக்கும், அங்கே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்.

பெட்ரோல் காக் பக்கம் கார்க் வாஷருக்கு ஷெல்லாக் ஒரு பூச்சு பூசு, நிற்கும்.

#3 வாலாஜா_ஆர்எக்ஸ்

எதைச் செய்யக் கூடாது என்பதற்கு நானே சாட்சி. என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துப் போயிருந்தது. லாரி டியூபை வெட்டி, இரண்டு சுற்று சுற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். வெளியே பார்க்க அழகாக இருந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐட்லிங் (முறுக்காமல் விட்டால் என்ஜின் ஓடுகிற வேகம்) மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. வண்டி நன்றாகத்தான் பறக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். காவேரிப்பாக்கம் தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது பின் சக்கரம் கிறீச்சென்று நின்று, இருபது அடி இழுத்துக்கொண்டு போனது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. டியூப் பெட்ரோலில் ஊறி உப்பி, கிளாம்ப் தளர்ந்து, அந்த இடைவெளியில் காற்று போயிருக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டினால் அதுவும் குறையும், சூடு ஏறும். 60 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் போரிங், பிஸ்டன், ரிங் என்று எல்லாம் ஆனது.

டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் மூச்சு விடுகிற பாதையில் கைவேலை வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால், ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை இருக்கிறது.

#4 ஹாஸ்டல்_பிரிண்டர்

> பெட்ரோல் காக் பக்கம் கார்க் வாஷருக்கு ஷெல்லாக் ஒரு பூச்சு பூசு, நிற்கும்.

டர்னர் ஐயா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஷெல்லாக் என்பது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கியது, இப்போது எங்கும் அதுதான். எத்தனாலும் ஆல்கஹால்தானே? பூசிய ஷெல்லாக் கரைந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும்.

#5 சிப்காட்_டர்னர்

சரியாகச் சொன்னாய் தம்பி. மரத்துக்குப் பாலிஷ் போட நாங்களே அதை ஸ்பிரிட்டில்தான் கரைப்போம். கையில் இருந்தது கண்ணில் படவில்லை. பெட்ரோல் படுகிற இடத்தில் ஷெல்லாக் வேண்டாம், என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சிலிகான் பேஸ்ட்டும் அங்கே ஆகாது, பெட்ரோலில் ஊறி உப்பி உரிந்து வரும். கியர் ஆயில் பக்கம் மட்டும் அதை வைத்துக்கொள், அதுவும் மெல்லிசாக. பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு எங்கே போய் அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

#6 ஆம்பூர்_பாய்

நம்ம ஊர்ப் பொருளை யாரும் சொல்லவில்லையே. நமக்குத் தெரிந்தது தோல்தான்.

பழைய வண்டிகளில் சக்கர ஹப்பில் கிரீஸ் வெளியே வராமல் ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும். அது காய்ந்து தூளாகியிருந்தால் தோலில் வெட்டிப் போடலாம். டேங்க் பிரேமில் உட்காரும் இடம், பேட்டரி பட்டை, டூல் பை வார் எல்லாவற்றுக்கும் தோல் சரிப்படும். ஆனால் எந்தத் தோல் என்பதில்தான் விஷயம்.

ஷூ கம்பெனிக்குப் போவது பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். ஊறும்போது நீலமாக இருக்கும், வெட் ப்ளூ என்போம். மென்மையானது, சூடு தாங்கும். ஆனால் ஈரத்தோடு இரும்பில் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் துரு வைக்கும். இன்னொன்று பட்டையில் பதனிட்டது. எங்கள் பெரியவர்கள் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் செய்வார்கள். இது கெட்டி. தண்ணீரில் ஊறவைத்து அழுத்தி வைத்தால், காய்ந்த பிறகு அந்த உருவத்திலேயே நிற்கும். சைக்கிள் பம்ப் வாஷர் இப்படித்தான் கிண்ணம் மாதிரி ஆகிறது. ஹப் வளையத்துக்கு இதுதான் வேண்டும்.

வெட்டிய வளையத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போடு. கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, தோல் சுருண்டு முறுக்கு மாதிரி ஆகிவிடும். எடுத்து அதன் குழியில் அழுத்தி, நிழலில் ஒரு நாள் காய விடு. அப்புறம் விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி. வெட்டு மிச்சம் ஊரில் கிலோ கணக்கில் கிடைக்கும். இந்தப் பக்கம் வந்தால் தருகிறேன்.

என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் தோல் வைக்காதே.

#7 கோட்டை_அகழி

பாய், தோல் வாங்க வந்தால் பிரியாணியும் உண்டா?

#8 ஆம்பூர்_பாய்

தோல் சும்மா. பிரியாணி உன் காசு.

#9 குடியாத்தம்_புல்லட்

கிளட்ச் கேபிள் பற்றி. ஐந்து வருஷமாக எனக்கு நானே செய்துகொள்கிறேன். முதல் கேபிள் எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஈயத்தை உருக்கி, களிமண்ணில் குழி செய்து, ஒயர் முனையை நிறுத்தி ஊற்றினேன். லீவரில் மாட்டும் குண்டு அழகாக வந்தது. பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் கிளட்ச் பிடித்தேன், லீவர் கையோடு வந்துவிட்டது. குண்டு லீவரிலேயே இருக்கிறது, ஒயர் மட்டும் வழுக்கி வெளியே. வெறும் ஈயம் எஃகில் ஒட்டாது, சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது கியரிலேயே வீடு வரை வந்தேன். பேட்டரி ஈயத்தை வீட்டில் உருக்குவதே தப்பு என்று அப்புறம் தெரிந்தது. அந்தப் புகை குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

இப்போது செய்வது இப்படி. கிளட்ச் உள் ஒயரை மீட்டர் கணக்கில் வாங்குகிறேன். சைக்கிள் பிரேக் ஒயர் மெல்லிசு, கிளட்சுக்குத் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஒயரும் வேண்டாம், சாதாரண ஃபிளக்ஸில் (சால்டர் ஒட்டுவதற்காகத் தடவுவது) சால்டர் அதில் பிடிக்காது. வெட்டப் போகிற இடத்தில் முதலில் சால்டர் வைத்துவிட்டு, அப்புறம் வெட்டு. இல்லையென்றால் இழைகள் துடைப்பம் மாதிரி பிரிந்துகொள்ளும்.

அந்தக் குண்டுக்குப் பதில் பித்தளை நிப்பிளை லேத்தில் கடைந்து வாங்கினேன், ஒரு பக்கம் துளையின் வாய் புனல் மாதிரி அகலமாக இருக்க வேண்டும். ஒயரை நுழைத்து, புனல் பக்கம் மூன்று மில்லி வெளியே விட்டு, அந்த முனையின் இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாக மலர்த்து. ஊமத்தம்பூ விரிந்த மாதிரி இருக்கும். அதை நிப்பிளுக்குள் இழுத்து உட்காரவைத்து, ஃபிளக்ஸில் தொட்டு, உருகிய சால்டரில் ஒரு முக்கு. இப்போது சால்டர் விட்டால்கூட மலர்ந்த இழை புனலை விட்டு வெளியே வராது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும், வெறும் ஈயத்துக்கு 327 வேண்டும். அந்தச் சூட்டில் ஒயரின் முறுக்கே செத்துப்போகும். அதற்காகவும் சால்டர்தான் நல்லது.

திராவகத்தில் துத்தநாகம் போட்டுச் செய்த ஃபிளக்ஸ் என்றால், முடித்தபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவு. விட்டால் ஆறு மாசத்தில் உள்ளேயே அரித்துவிடும். அப்புறம் நிப்பிளைப் பட்டறை இடுக்கியான வைசில் மாட்டி, ஒயரைப் பிடித்து உன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கு. வண்டியில் அறுவதைவிட வைசில் அறுந்தால் நல்லது.

ஒன்று விட்டுப்போச்சு. இரண்டாவது நிப்பிள் பற்றவைக்கும் முன்னால் வெளிக் குழாயையும் அட்ஜஸ்டரையும் மாட்டிவிட்டாயா என்று பார். நான் மூன்று தடவை மறந்திருக்கிறேன்.

#10 காட்பாடி_யெஸ்டி

புல்லட் அண்ணா, மூன்று தடவையா! நான் இன்று முதல் தடவை.

யெஸ்டிக்காரர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம், கியர் லீவரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச் விலகும். கேபிள் அறுந்தாலும் ஓடுகிற வண்டியில் கியர் மாற்றி வீடு வந்துவிடலாம். நைனா இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், அவரே மைசூரில் உட்கார்ந்து வடிவமைத்த மாதிரி.

#11 ஹாஸ்டல்_பிரிண்டர்

பக்கவாட்டு டப்பா குமிழ் நான் செய்து தருகிறேன். எங்கள் ஹாஸ்டலில் திரீடி பிரிண்டர் இருக்கிறது. என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். போன ஏப்ரலில் நண்பன் வண்டிக்கு ஹெட்லைட் பக்கம் ஒரு பிடிப்பு பிஎல்ஏவில் அடித்துக் கொடுத்தேன். மதியம் கிரீன் சர்க்கிள் பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் பிடிப்பு தலை கவிழ்ந்து நிற்கிறது, வாடிய கீரைத்தண்டு மாதிரி. பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகும். கறுப்புப் பொருள் கத்திரி வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பெட்ஜி என்றால் 80 வரை, ஏபிஎஸ் 100 வரை. ஏஎஸ்ஏ வெயிலில் நிறமும் போகாது, குமிழுக்கு அதுதான்.

ஹப் ரப்பருக்கு வேறு யோசனை. உதிராத ஒரு கட்டையை அளந்து, அதன் அச்சை பிரிண்ட் செய்து, இரண்டு பாகம் கலக்கிற பாலியூரிதேன் ஊற்றலாம். கார் டயர் ரப்பர் கெட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

#12 சிப்காட்_டர்னர்

ஊற்றுவது நல்ல யோசனை. ஆனால் செலவு குறைவாக வேண்டும் என்றுதானே அவன் கேட்டான்? டயர் செருப்பு தைப்பவரிடம் போ. நைலான் லாரி டயரின் மேல் பட்டையை வாங்கி, ஹேக்சா பிளேடில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறு. காய்ந்த பிளேடு ரப்பரில் ஓடாது, கை நொந்துவிடும். கம்பி போட்ட டயர் வேண்டாம். அறுத்த கட்டை குழியில் கை அழுத்தத்தில் இறங்க வேண்டும். சுத்தியால் அடித்து இறக்கினால் அதற்கு அசைய இடமே இல்லை, அப்புறம் அது ரப்பராக இருந்து என்ன பிரயோஜனம்? செயின் இழுக்கிற ஒவ்வொரு உதையும் கியர் பாக்ஸில் போய் விழும்.

#13 திருப்பத்தூர்_சிடி

எல்லோரும் ரொம்ப பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பக்கம் பிரேக் ஷூவுக்கே லாரி லைனர் (பிரேக்கில் உராய்கிற பட்டை) துண்டை வெட்டி ஒட்டிக்கொள்கிறோம். என் மாமா முப்பது வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார்.

#14 வாலாஜா_ஆர்எக்ஸ்

ஒட்டியா, ரிவெட் அடித்தா?

#15 திருப்பத்தூர்_சிடி

மாமா காலத்தில் ரிவெட். இப்போது பசைதான். என்ன வித்தியாசம், பிடித்தால் சரி.

#16 சிப்காட்_டர்னர்

வித்தியாசம் இருக்கிறது தம்பி. லைனர் ஒட்டுகிற பசையே வேறு. இறுக்கிப் பிடித்து, அடுப்பில் சூடு ஏற்றி வேக வைப்பார்கள். கடையில் டியூபில் வாங்கிய பசை பிரேக் சூட்டில் இளகும். இளகினால் லைனர் சும்மா நழுவாது, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். லாரி லைனர் கெட்டி, உன் வண்டியின் சின்ன டிரம் சூட்டில் அது சரியாகப் பிடிக்கவும் செய்யாது. உன் மாமாவிடம் கேள், அவர் எந்த மலை இறங்கினார் என்று.

#17 கோட்டை_அகழி

நான் இறங்கினேன். ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து ஏழாவதோ எட்டாவதோ வளைவில் முன் சக்கரம் பூட்டியது. ஒரு பட்டறையில் "கம்பெனி மாதிரியே ஒட்டிட்டேன்" என்று கொடுத்த ஷூ. விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன், பின்னால் வந்த பஸ் நல்லவேளை தூரத்தில் இருந்தது. பிரியாணி பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்தீர்களா? பிரேக்கில் நான் விளையாடுவதில்லை.

#18 திருப்பத்தூர்_சிடி

சரிண்ணா. மாமாவிடம் கேட்டேன். "மலைக்கெல்லாம் நான் பஸ்லதான்டா போவேன்" என்கிறார். புது ஷூ வாங்கிவிடுகிறேன்.

#19 சிப்காட்_டர்னர்

செய்யத் தேவையே இல்லாத சாமான்களும் உண்டு. பேரிங்கும், ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும். "யெஸ்டி பேரிங்" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பேரிங் மேல் நம்பர் அடித்திருக்கும், அதைத் துடைத்துப் படி. 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லி. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 04 முதல் மேலே எல்லாவற்றுக்கும். 03 மட்டும் 17, 02 மட்டும் 15. எந்த வண்டியில் இருந்தாலும் 6204 என்பது 6204தான், தண்ணீர் மோட்டாரிலும் அதே. பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

சீலும் அப்படித்தான். 25-40-8 மாதிரி மூன்று எண் இருக்கும், உள், வெளி, அகலம். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்கு.

ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் புஷ் மட்டும் நீ செய்தே ஆக வேண்டும், அதற்கு என்னை மாதிரி ஆள் வேண்டும். கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் கடைந்து, வெளி அளவு குழியைவிட நூறில் மூன்று, நான்கு பங்கு மில்லி கூட வைத்து அழுத்தி ஏற்றுவோம். புதுசாகக் கற்றுக்கொள்பவன் உள் அளவையும் அப்போதே ஷாஃப்ட்டுக்குச் சரியாகக் கடைந்துவிடுவான். ஏற்றியதும் ஷாஃப்ட் நுழையாது. ஏன்? வெளியே நெருக்கினால் உள்ளேயும் சுருங்கும். அதனால் உள்ளே கொஞ்சம் சதை விட்டு, ஏற்றிய பிறகு ரீமர் போட்டு உள் அளவைச் சரிசெய்ய வேண்டும். நானும் முதல் வருஷம் இதில் திட்டு வாங்கியவன்தான்.

#20 குடியாத்தம்_புல்லட்

செம்பு வாஷரைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு தடவை நசுங்கினால் கெட்டியாகிவிடும், திரும்பப் போட்டால் கசியும். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து மங்கிய சிவப்பு வரும் வரை காட்டி, தண்ணீரில் போடு. எஃகு என்றால் கெட்டியாகும், செம்பு வெண்ணெய் மாதிரி இளகும். உப்புத்தாளை கண்ணாடி மேல் விரித்து இரண்டு பக்கமும் எட்டுப் போட்டுத் தேய்த்தால் புதுசு.

#21 காட்பாடி_யெஸ்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் ரப்பர் சோதனை. நாலு ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, சைக்கிள் டியூப், ஹவாய் செருப்பு, லாரி டயர், பேரிங் கடையில் வாங்கிய நைட்ரைல் ஓரிங் நாலையும் ஒரு நாள் போட்டு மாடியில் வைத்தேன். அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது. செருப்பு உப்பி மூடி வழியாக வெளியே வரவில்லை. பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தேன். டியூப் கொழகொழவென்று நீண்டிருந்தது. டயர்த் துண்டு கொஞ்சம் உப்பி, விரலில் கறுப்பு ஒட்டியது. ஓரிங் மட்டும் போட்டது போலவே இருந்தது. பெட்ரோல் காக்குக்கு நைட்ரைல், ஹப்புக்கு டயர் என்று முடிவானது. ஹப்பில் பெட்ரோல் படாது, அதனால் டயர் போதும்.

டயர்ப் பட்டை 50 ரூபாய். அறுக்க ஒன்றரை நாள், மூன்று பிளேடு. முதல் செட் பெரிதாகிவிட்டது, டர்னர் ஐயா சொன்ன மாதிரி சுத்தி கேட்டது. திரும்ப உப்புத்தாளில் தேய்த்துக் கை அழுத்தத்தில் இறக்கினேன். வண்டியை நகர்த்தும்போது வந்த 'டக்' சத்தம் போய்விட்டது. எத்தனை மாசம் தாங்கும் என்று பார்க்கலாம்.

கிளட்ச் கவர் பேக்கிங்கில் குண்டு முறையில் ஒன்றைத் தவிர எல்லாத் துளையும் சுத்தமாக விழுந்தது. நைனா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாதே தவிர, சத்தத்தை வைத்தே "இது சரியா விழல, மறுபடி அடி" என்றார். எடுத்துப் பார்த்தால் ஒரு ஓரம் அறுபடாமல் தொங்குகிறது.

கேபிள் இரண்டாவது முயற்சியில் நின்றது. வைசில் தொங்கினேன், என் எடை 74 கிலோ. குமிழ் ஹாஸ்டல் தம்பி கொடுத்தனுப்பினான், காசு வாங்கவில்லை. பாய் கொடுத்த தோலில் பேட்டரி பட்டையும் டேங்குக்கு அடியில் இரண்டு துண்டும். பிரியாணி என் காசுதான்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவைப் பின்னால் உட்காரவைத்து அமிர்தி போய் வந்தேன். வழி முழுக்க அவர் பேசவில்லை, கியர் மாற்றும்போது மட்டும் என் தோளைத் தட்டினார், நான் மாற்றுகிற இடம் அவருக்குப் பிடிக்கவில்லை போல. திரும்பி வந்து ராத்திரி வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்தார். காலையில் பார்த்தால் ஒரே ஒரு சொட்டு. கவரிலிருந்து இல்லை, கிக் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்திலிருந்து.

டர்னர் ஐயா, அங்கே என்ன அளவு சீல் போடுவது?

#22 சிப்காட்_டர்னர்

அளவை என்னைக் கேட்காதே. முதலில் கழற்றி, அங்கே என்ன இருக்கிறது என்று துடைத்துப் பார். நம்பர் இருந்தால் படி, இல்லையென்றால் ஷாஃப்ட்டையும் குழியையும் வெர்னியரில் அளந்து இங்கே போடு. ஷாஃப்ட்டில் விரல் நகம் மாட்டுகிற மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல். அப்படி இருந்தால் புது சீலும் சொட்டும், அதை லேத்துக்குக் கொண்டுவா.